480 சதுர அடி, நாலு பேர்: சின்ன ஃபிளாட்டில் இடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடி, ஒரு பெட்ரூம் ஃபிளாட். நான், கணவர், பத்தாவது படிக்கும் மகள், 72 வயது அத்தை (என் மாமியார்). குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "இதெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அடுத்து, அவர்கள் வீட்டுக் கதையைச் சொல்லி யோசனை கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

650 சதுர அடி என்றுதானே வாங்கினோம்? உள்ளே வந்தால் அவ்வளவு தெரியவில்லையே?

தெரியாது, ஏனென்றால் அவ்வளவு இல்லை. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் ஏரியா. மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு அது. நாம் கால் வைத்து நடக்கும் இடம் கார்ப்பெட் ஏரியா. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. வெளிச்சுவர், பைப் போகும் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை கணக்கில் வராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் மட்டும் வரும். ஆக, கார்ப்பெட் ஏரியா என்று பத்திரத்தில் இருக்கும் எண்ணிலும் கொஞ்சம் சுவர் இருக்கிறது.

எங்கள் வீடு விற்பனைத் தாளில் 650. கார்ப்பெட் 480. பீரோ வாங்கப் போகும்போது இந்த இரண்டு எண்ணுமே உதவாது, இஞ்ச் டேப்தான் உதவும். பூச்சுக்குப் பிறகு, சுவருக்குச் சுவர், கீழே ஒரு தடவையும் இடுப்பு உயரத்தில் ஒரு தடவையும் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரே சுவருக்கு இரண்டு அளவு வந்தது. முக்கால் இஞ்ச் வித்தியாசம். கட்டியவரைக் கேட்டதற்கு, "எல்லா வீட்டிலும் அப்படித்தான் மேடம்" என்றார்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? என்ன வாங்கலாம்?

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் டப்பா, ரேக், ஆர்கனைசர் எதுவும் வேண்டாம். அதுவும் இடத்தைத்தான் அடைக்கும்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ராத்திரி பத்து மணிக்கும் காலையில் பத்து மணிக்கும் தரையில் எதெல்லாம் அசையாமல் நிற்கிறது என்று எழுதுங்கள். சின்ன வீட்டில் விலை உயர்ந்தது தரை. உங்கள் ஏரியாவில் சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறரை அடி நீளம், மூன்று அடி அகலம் உள்ள சோபா பத்தொன்பதரை சதுர அடியில் உட்கார்ந்திருக்கிறது. அது நிற்கும் தரையின் விலை மட்டும் 1,36,500 ரூபாய். சோபா 25,000 ரூபாய்க்கு வாங்கியதாக இருக்கும். இந்தக் கணக்கைப் போட்டபிறகு எனக்கு வீட்டில் இருந்த பாதிப் பொருள்மேல் கோபம் வந்துவிட்டது.

முதலில் போனது டீப்பாய். மேலே கண்ணாடி, கீழே பழைய பேப்பர், ஓரம் முழங்கால் உயரத்தில். அத்தை இரண்டு தடவை இடித்துக்கொண்டார். சோதனைக்காக அதை மொட்டைமாடி ஷெட்டில் ஒரு வாரம் வைத்தேன். நாலாம் நாள் கணவர் காபி டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தார், டீப்பாய் எங்கே என்று கேட்கவே இல்லை. அப்படியே வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

அப்போ சோபாவே வேண்டாமா? வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்?

ஹாலுக்கு ஒரு திவான் போதும். ஆறடிக்கு இரண்டரை அடி. பகலில் மூன்று பேர் உட்காரலாம், ராத்திரி ஒருவர் படுக்கலாம், அடியில் பெட்டி வைக்கலாம். அத்தை படுப்பது அதில்தான். வயதானவர்களுக்குக் கீழே உட்கார்ந்து எழுவது கஷ்டம் என்பதால், கை வைத்த நாற்காலி ஒன்றும் வைத்திருக்கிறோம். மற்றபடி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி நாலு. அடுக்கினால் ஒரு நாற்காலி இடம்தான்.

சோபா-கம்-பெட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கடையில் விற்பனையாளர் ஒரு கையால் இழுத்துக் காட்டுவார். வீட்டில் அதை இழுக்க முன்னால் மூன்று, நாலு அடி காலியாக வேண்டும். நடுவில் ஒரு கம்பி முதுகில் உறுத்தும். ஒரு மாதம் ஒழுங்காக மடிப்பீர்கள். அப்புறம் அது விரித்தபடியே கிடக்கும், அல்லது மடித்தபடியே கிடக்கும். இரண்டில் எதுவானாலும் கொடுத்த காசு வீண். தங்கை வீட்டில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பத்துக்குப் பத்து பெட்ரூமில் குயின் சைஸ் கட்டில் போடலாமா?

போடலாம், ஆனால் கதவு திறக்கும் வட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்த பிறகு முடிவு செய்யுங்கள். குயின் மெத்தை 5 அடிக்கு ஆறரை அடி, கட்டில் சட்டம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இரும்பு பீரோ மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்கு மேல் ஆழம், அதன் கதவு திறக்க இன்னொரு ஒன்றரை அடி. அறைக்கதவுக்கு இரண்டரை, மூன்றடி. இதெல்லாம் வரைந்து பார்த்தபோது, எங்கள் அறையில் கட்டிலைச் சுற்றி நடக்க ஒரு பக்கம்தான் மிஞ்சியது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிவிட்டோம். சுவர்ப்பக்கம் படுப்பவர் ராத்திரி எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வரவேண்டும். அதற்குப் பழகிவிடலாம்.

கட்டிலுக்கு அடியில் இழுப்பறையா, மேலே தூக்கும் ஹைட்ராலிக்கா என்பது அடுத்த கேள்வி. இழுப்பறை முழுசாக வெளியே வர ஒன்றரை, இரண்டு அடி வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் அது பாதிதான் திறக்கும், உள்ளே கை போகாது. ஹைட்ராலிக்கில் மெத்தையோடு தூக்க வேண்டும். அதனால் மாதம் ஒருமுறைக்குமேல் தேடாத பொருளைத்தான் அதில் வைக்க வேண்டும். அறையை அடைத்துக்கொண்டிருந்த சூட்கேஸ்கள், கம்பளி, பழைய ரெக்கார்டு ஃபைல்கள் எங்களுக்கு அதில்தான் போகின்றன. பட்டுப்புடவை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்று ஈரமாக இருக்கும், மூடின பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். ஆசாரியிடம் சொல்லிப் பக்கப் பலகையில் நாலைந்து காற்றுத் துளை போடச் சொல்லுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு உதவாது.

பலகை விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தண்ணீர் பட்டால் உப்பிவிடும். சமையலறை சிங்க்குக்குக் கீழே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், மற்ற இடங்களில் சாதாரண பிளைவுட் போதும்.

பரண் இருக்கிறது. ஆனால் அதில் போட்டது எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

எல்லார் வீட்டுப் பரணும் அப்படித்தான். ஏழடி உயரத்தில், இரண்டடி ஆழத்தில் ஒரு காங்கிரீட் பலகை. முன்வரிசையில் இருப்பது நினைவில் இருக்கும், பின்வரிசையில் இருப்பது போன ஜென்மத்துச் சமாசாரம்.

நாங்கள் செய்தது இரண்டு. ஒன்று, பரண் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, பின்வரிசையில் இருப்பதை மட்டும் எழுதினோம். முன்வரிசையை எழுத வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, காலிப் பாத்திரம் எதையும் காலியாக மேலே ஏற்றுவதில்லை. அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டா எங்கள் வீட்டில் கொலுப்பெட்டி. பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அதில் அடுக்குவோம். கடைசியாகப் படியில் ஏறுகிற செட்டியார் கடை அடியில், தசாவதாரம் நடுவில், முதலில் ஏறுகிற மரப்பாச்சி ஜோடி எல்லாவற்றுக்கும் மேலே. புரட்டாசியில் அண்டாவை இறக்குவதில்லை. அது மேலேயே இருக்கும், பொம்மை மட்டும் கைமாறிக் கீழே வரும். இறக்கவும் முடியாது. பரணுக்குக் கதவு போட்டபோது ஆசாரி நடுவில் ஒரு சட்டம் நிறுத்திவிட்டார். இப்போது திறப்பு இருபது இஞ்ச், அண்டாவின் வாய் இருபத்திரண்டு. வீட்டை விற்றால் அண்டாவோடுதான் விற்க வேண்டும்.

கொலுப் படியும் ஒரு தொல்லை. ஏழு படி மரப்பலகையை வைத்துக்கொள்ள இடமில்லை என்று, கழற்றி மாட்டுகிற இரும்புப் படிக்கு மாறினோம், ஐந்து படிக்கு இறங்கினோம். ஒற்றைப்படையாக இருந்தால் போதும் என்று அத்தையே சொல்லிவிட்டார்.

ஏணி இல்லாத பரண் உபயோகமில்லை. நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள். மடக்கும் அலுமினிய ஏணியைக் கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கியில் மாட்டிவிடலாம்.

சமையலறை எட்டுக்கு ஆறு. மாடுலர் கிச்சன் போட்டால் இடம் கூடுமா?

கூடாது. பார்வைக்கு அழகாகும், இடம் குறையும். ஒவ்வொரு இழுப்பறைக்கும் அது ஓடும் இரும்புச் சட்டம், அதாவது சானல், பக்கத்துக்கு அரை இஞ்ச் தின்னும். அது போக, பெட்டியின் பலகை இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் இஞ்ச். ஒன்றரை அடி அகல இழுப்பறை என்றால் உள்ளே பதினைந்து இஞ்ச்சுக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும். குனிய முடியாதவர்களுக்கு இழுப்பறை வசதி, அதை மறுக்கவில்லை. தட்டு, கரண்டிக்கு இரண்டு போதும். மற்றபடி பழைய கடப்பா கல் ஷெல்ஃப்தான் கெட்டி. துடைத்தால் போச்சு, கரையான் அண்டாது.

டப்பா விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. வட்ட டப்பாவைச் சதுர இடத்தில் வைத்தால், நூற்றுக்கு இருபத்தொரு பங்கு மூலைகளில் காலி. ஒரே அளவுச் சதுர டப்பாக்களாக மாற்றியபோது, ஐந்து தட்டில் இருந்த சாமான் நாலு தட்டில் அடங்கியது. அம்மாவின் எவர்சில்வர் தூக்குகளை அதற்காக எறியவில்லை, அவை பரணில் உளுந்து, துவரை கூடுதலாக வாங்கும்போது வேலை செய்கின்றன. அரிசி 25 கிலோ சிப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டோம். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் அதிகம்தான். தெருமுனையில் கடை இருக்கும்போது நம் வீடு ஏன் குடோனாக வேண்டும்?

வெட் கிரைண்டர் பெரிய பிரச்சனை. நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடும், மீதி நேரமெல்லாம் மேடையில் இரண்டு சதுர அடியை அடைத்து உட்கார்ந்திருக்கும். தூக்கி வைக்கலாம் என்றால் கல்லோடு பத்துக் கிலோவுக்கு மேல் கனம். கட்டிலுக்கு வாங்கிய பிளைவுட்டில் மிச்சமான துண்டை ஆசாரி பதினாறு இஞ்ச் சதுரமாக அறுத்து, நாலு மூலையிலும் சக்கரம் வைத்துக் கொடுத்தார். கிரைண்டர் அதில் ஏறி மேடைக்கு அடியில் போய்விட்டது. மாவரைக்கும் நாளில் காலால் இழுத்தால் வெளியே வரும். ஓடும்போது பலகை நகரும், முதல் நாளே ஹால்வரை போய்விட்டது. இரண்டு சக்கரத்துக்கு பிரேக் வைத்தபிறகு சரியானது. இந்த வீட்டில் நான் செலவழித்த முந்நூறு ரூபாய்களில் அதுதான் உருப்படியானது.

கேஸ் சிலிண்டரை மூடின கப்போர்டில் வைக்கலாமா?

காற்றோட்டம் இல்லாமல் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். கதவு வைத்தே தீருவேன் என்றால், அடிப்பக்கம் திறப்பு வையுங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டியூபை அலமாரிக்குப் பின்னால் நீளமாக இழுத்து ஒளித்துவைக்காதீர்கள். ஒன்றரை மீட்டருக்குள் முடியட்டும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இடம் போதவே போதாது என்றால், 14.2 கிலோ இரும்பு சிலிண்டருக்குப் பதிலாக 10 கிலோ காம்போசிட் (ஃபைபரில் செய்த) சிலிண்டர் இருக்கிறது. இலேசு, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும்.

வாஷிங் மெஷின்?

மேல்மூடி மெஷினுக்கு மேலே ஷெல்ஃப் போட முடியாது, மூடி திறக்க உயரம் வேண்டும். முன்கதவு மெஷினுக்கு மேலே சாமான் வைக்கலாம், ஆனால் முன்னால் நிற்க இடம் வேண்டும். அகலம் பொதுவாக 60 சென்டிமீட்டர். ஆழம்தான் மாடலுக்கு மாடல் மாறும், அதை அளந்து வாங்குங்கள். குளிக்கும் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் பிளக் பாயிண்ட் வேண்டவே வேண்டாம்.

மழைக்காலத்தில் துணி எங்கே காயப் போடுவது?

பால்கனி கூரையில் கப்பி வைத்த கம்பிக்கொடி. ஆறு கம்பி, ஒவ்வொன்றும் தனியாக இறங்கும். தரையை அடைக்கும் மடக்கு ஸ்டாண்டைவிட எத்தனையோ மேல். துணி காயும்போது தலையில் இடிக்காது, அடியில் ஆள் நிற்கலாம். புடவையை நாலாக மடித்தால் ஆறடிக் கம்பியில் அடங்கும். பெட்ரூமில் மட்டும் ஈரத்துணி வேண்டாம், பீரோ பின்னால் சுவர் கறுக்கும். பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி வைத்தால் அது குறையும்.

பால்கனியை அடைத்து ஒரு ரூமாக்கிவிட்டால் என்ன?

இதைக் கேட்காத ஆள் இல்லை. முதலில் அளவு. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வீட்டில் ஓர் அறையாவது 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஏறக்குறைய 102 சதுர அடி. நம் பால்கனி மூன்றுக்கு எட்டு, 24 சதுர அடி. அடைத்தால் அது ரூம் ஆகாது, இன்னொரு பரண் ஆகும். கூடவே ஹாலுக்கு வரும் ஒரே வெளிச்சமும் போகும். பிளான் அனுமதி, அசோசியேஷன் தகராறு வேறு. கிரில் போடுங்கள், அதிலும் அவசரத்துக்குத் திறக்கும் ஒரு பகுதி இருக்கட்டும்.

செருப்பு ஸ்டாண்டைப் பொது வராந்தாவில் வைப்பதும் இதே மாதிரிதான். தீப்பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி அது.

கண்ணாடி மாட்டினால், வெளிர் நிறம் அடித்தால் வீடு பெரிதாகத் தெரியுமாமே?

தெரியும். பீரோவுக்கு அது தெரியாது.

வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டேன் என்கிறார்.

தரையில் நிற்கும் ஆறடி இரும்பு ரேக் ஒன்று, குறுகலாக, உயரமாக. அது ஒன்றே பாதிப் பிரச்சனையைத் தீர்க்கும். கனமானதைக் கீழ்த்தட்டில் வையுங்கள், சின்னக் குழந்தை இருந்தால் மேலே இழுத்துக் கட்டாமல் வைக்கவே வேண்டாம். ஒட்டும் கொக்கிகள் டைல்ஸில் நிற்கும். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பெயின்டோடு பிய்ந்து வரும், அப்புறம் அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

பிள்ளை படிக்க ஒரு மூலைகூட இல்லையே?

மூலையைவிட நேரம் முக்கியம் என்பது எங்கள் அனுபவம். ஹால் சுவரில் இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பலகையை முப்பது இஞ்ச் உயரத்தில் கீல் வைத்து மாட்டியிருக்கிறோம். தூக்கினால் மேஜை, இறக்கினால் சுவர். ஆறிலிருந்து ஒன்பது வரை அது மகளுக்கு. அதுவரை டி.வி. கிடையாது. அத்தை சீரியலைப் பெட்ரூமில், செல்போனில், ஹெட்செட் போட்டுப் பார்ப்பார். ஒன்பதரைக்குப் பலகை இறங்கும், திவானில் படுக்கை விரியும். அதே இடத்தில் காலையில் நான் காய் நறுக்குவேன்.

மாமியார் எதையும் தூக்கிப்போட விடமாட்டார். எப்படிச் சமாளிப்பது?

அவர் இல்லாத நேரத்தில் போடாதீர்கள். நான் ஒருமுறை உடைந்த அரிவாள்மனையைப் போட்டுவிட்டு மூன்று மாதம் பேச்சு வாங்கினேன். அது அவர் மாமியாருடையதாம். அதற்கப்புறம் ஓர் ஏற்பாடு. பீரோவில் ஒரு தட்டு முழுக்க அத்தைக்கு, அதை யாரும் தொடுவதில்லை. அதற்கு வெளியே இருப்பதை அவரிடமே கேட்போம். "இதைப் போடலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார். "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்டால் யோசித்து ஒரு பெயர் சொல்வார். இரண்டு குத்துவிளக்கு, ஒரு இடியாப்ப உரல், பதினெட்டு டம்ளர் அப்படித்தான் போயின.

சொந்தக்காரர்கள் தங்க வந்தால்?

பாய்தான். கோரைப்பாய் நாலு சுருட்டி பீரோ பின்னால் நிற்கும், அதற்காகத்தான் அந்த இரண்டு இஞ்ச் நாலு இஞ்ச் ஆனது. பவானி ஜமுக்காளம் ஒன்று திவானுக்கு விரிப்பாகவே கிடக்கும். தலையணைகளுக்கு உறை மாற்றி, பகலில் திவானில் சாய்மானமாக வைத்துவிடுவோம். போன தை மாதம் நாத்தனார் பெண்ணின் வளைகாப்புக்கு ஒன்பது பேர் படுத்தோம். பெட்ரூமில் நாலு, ஹாலில் நாலு, சமையலறையில் தலையும் ஹாலில் காலுமாகக் கணவர். பாத்ரூமுக்குப் போகிற வழியில் மட்டும் யாரையும் படுக்க விடாதீர்கள்.